கண்டுபிடித்ததற்குக் கூலி கிடையாதா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காரைப் பற்றி எழுதுகிறானே, பக்கம் மாறி அச்சாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். விஷயம் விண்டோ பற்றியதுதான். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸ் அல்ல. காரின் கதவில் பட்டனை அழுத்தினால் ஏறி இறங்குமே, அந்தப் பவர் விண்டோ. அது நின்றுபோனால் பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே சொல்லப்போகிறேன். கூடவே எனக்கு நானே வெட்கப்பட்ட ஒரு சம்பவத்தையும் சொல்லப்போகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இரண்டுமே பயன்படும்.

நான் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். வேலைக்காக ஒரு சிறிய பழைய கார் வைத்திருக்கிறேன். ஒரு நவம்பர் மாதம், சென்னையில் மழைக்காலம். வழி கேட்பதற்காக இடது பக்கக் கண்ணாடியை இறக்கினேன். கேட்டு முடித்துவிட்டு ஏற்றினால் ஏறவில்லை. என் பக்கத்து ஸ்விட்சிலும் அசையவில்லை, அந்தக் கதவில் இருக்கும் ஸ்விட்சிலும் அசையவில்லை. சத்தம்கூட இல்லை. மற்ற மூன்று கண்ணாடிகளும் நன்றாக வேலை செய்தன.

வழியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு பையன் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினான். மோட்டாருக்கு வரும் கனெக்டரைப் பிடுங்கி மீட்டர் வைத்தான். 12 வோல்ட் காட்டியது.

"கரண்ட் வருது சார். மோட்டார்தான் போயிடுச்சு. செட்டா மாத்திடலாம்" என்றான்.

மோட்டாரும் அதோடு சேர்ந்த அமைப்பும் 4,800 ரூபாய், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் வேலை இருந்ததால், ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட் நனைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பவர் சப்ளை வாங்கப் போனபோது, கடைக்காரர் புதுப்பேட்டை பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். போனேன். சின்னக் கடை. அறுபது வயதைத் தாண்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன். சுமார் நாற்பது நிமிடம் பார்த்தார். எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஒரு ஒயர் அறுந்திருந்தது. அதை வெட்டி, புதுத் துண்டு ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, மேலே உறை போட்டார். கண்ணாடி ஏறியது.

"அறுநூறு குடுங்க சார்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு ஒயரை ஒட்டுறதுக்கு அறுநூறு ரூபாயாண்ணே?" என்றேன். நானூறு கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தேன். ராம் அதன் ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருந்தது. கழற்றித் துடைத்து மாட்டினேன், ஓடியது. வீட்டுக்காரர், "ஒண்ணுமே மாத்தலையே தம்பி, இதுக்கு எதுக்குப் பணம்?" என்று கேட்டார். அன்று இரவு முழுவதும் மனதுக்குள் புழுங்கினேன். அதே கேள்வியைத்தான் ஒரே வாரத்தில் அந்தப் பெரியவரிடம் நான் கேட்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் ரிப்பேரில் பாதி வேலைக்கு மேல். அந்த வேலைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. பாகத்துக்கு மட்டும்தான் பணம் கொடுக்கிறோம். அதனால்தான் தேவையில்லாத பாகங்கள் நம் தலையில் கட்டப்படுகின்றன. அந்த நாற்பது நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்று சொன்னால் நான் சொல்வது புரியும். அதற்கு முன் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

பவர் விண்டோ புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் 1940-களின் தொடக்கத்திலேயே பேக்கார்டு 180 கார்களில் வந்துவிட்டது. அது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்தது. இப்போது இருப்பது 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய டி.சி. மோட்டார். அதற்கு இரண்டு ஒயர்கள். ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் கொடுத்தால் கண்ணாடி ஏறும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் இறங்கும். ஸ்விட்சின் வேலை இந்த இரண்டையும் மாற்றிக் கொடுப்பதுதான்.

மோட்டாரின் சுழற்சியைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் அமைப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். சில கார்களில் அது கத்தரிக்கோல் போல விரியும் இரும்புக் கைகள். பல கார்களில் சைக்கிள் பிரேக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிக் கயிறும் பிளாஸ்டிக் உருளைகளும். மோட்டாரின் முனையில் திருகு வடிவப் பல்சக்கரம் இருப்பதால், கண்ணாடியைக் கையால் கீழே அழுத்தினாலும் இறங்காது. திருடனுக்கு அது பூட்டு.

மின்சாரம் வரும் வழி இதுதான்: பேட்டரி, பியூஸ், பல கார்களில் ஒரு ரிலே, டிரைவர் பக்கத்து ஸ்விட்ச் தொகுப்பு, அந்தந்தக் கதவின் ஸ்விட்ச், கடைசியில் மோட்டார். பழைய முறை வயரிங்கில் இடது கதவின் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் டிரைவர் பக்கத்து ஸ்விட்ச் தொகுப்பின் வழியாகவும் போகும். ஆகவே இடது கண்ணாடி நின்றுபோனால், கோளாறு வலது கதவில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இது தெரியாமல் மோட்டாரை மாற்றியவர்கள் பலர்.

நீங்களே பார்க்கக்கூடியவை

இவற்றுக்குக் கதவைப் பிரிக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும். சாவியை ஆன் நிலையில் வையுங்கள்.

முதலில், நின்றது ஒரு கண்ணாடியா, எல்லாமா என்று பாருங்கள். எல்லாம் நின்றிருந்தால் நான்கு மோட்டாரும் ஒரே நாளில் போயிருக்காது. பொதுவான இடத்தில்தான் பழுது. அதாவது பியூஸ், ரிலே அல்லது டிரைவர் பக்கத்து ஸ்விட்ச் தொகுப்பு. கம்ப்யூட்டரில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் மூன்றையும் வாங்குவோமா? பவர் சப்ளையைத்தானே பார்ப்போம்!

இரண்டாவது, டிரைவர் பக்கத்தில் உள்ள லாக் பட்டன். குழந்தைகள் பின் கண்ணாடியை இறக்காமல் இருக்க வைத்திருக்கும் பட்டன் அது. காரைத் துடைக்கும்போது கை பட்டு அழுந்திவிடும். டிரைவர் கண்ணாடி மட்டும் வேலை செய்து, மற்றவை அவற்றின் ஸ்விட்சில் அசையாவிட்டால் முதல் சந்தேகம் இந்தப் பட்டன் மேல்தான். சிரிக்காதீர்கள். மானிட்டரின் பவர் பட்டன் ஆஃப் ஆகியிருந்ததற்கு என்னை ஐந்து கிலோமீட்டர் வரவழைத்தவர்கள் உண்டு.

மூன்றாவது, அதே கண்ணாடியை இரண்டு ஸ்விட்சிலும் முயன்று பாருங்கள். ஒன்றில் ஏறி, மற்றதில் ஏறாவிட்டால் மோட்டார் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்விட்ச் பக்கம் பார்க்க வேண்டும்.

நான்காவது, காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால் மின்சாரத்தில் கோளாறு இல்லை. ரெகுலேட்டரின் கயிறு அறுந்திருக்கலாம், கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கலாம். "டொக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால் மோட்டார் முயற்சி செய்கிறது, ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

ஐந்தாவது, உள் விளக்கைப் போட்டுவிட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. மங்கவே இல்லை என்றால் வழியில் எங்கோ துண்டிப்பு. பழைய பல்பு உள்ள கார்களில் இது நன்றாகத் தெரியும். எல்.இ.டி. விளக்கில் தெரியாமல் போகலாம்.

ஆறாவது, பியூஸ். பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது, எது விண்டோவுக்கு உரியது என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சாவியை ஆஃப் செய்துவிட்டுப் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பிளேடு வகைப் பியூஸ்களில் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லலாம். மஞ்சள் 20 ஆம்பியர், பச்சை 30 ஆம்பியர். எந்த அளவு இருந்ததோ அதே அளவுதான் போட வேண்டும். பெரிய பியூஸோ, ஒயர் துண்டோ வைத்தால் தீப்பிடிக்கும். புதுப் பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது பியூஸ் போடாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

ஏழாவது, பலமுறை ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு நின்றுபோனதா? மோட்டார் சூடானால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு பல மோட்டார்களில் உண்டு. சில நிமிடங்கள் ஆறவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.

எட்டாவது, கண்ணாடி மேலே போய்விட்டுத் தானாகவே கீழே வருகிறதா? பேட்டரி மாற்றிய பிறகு, ஒரே அழுத்தில் தானாக ஏறும் வசதி வேலை செய்யவில்லையா? இது பழுதே இல்லாமல் இருக்கலாம். விரல் சிக்கினால் திரும்பி இறங்கும் வசதியுள்ள கார்களில், கண்ணாடியின் மேல் எல்லை எது என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அந்த ஞாபகம் அழிந்துவிடும். பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, ஸ்விட்சைச் சில நொடிகள் விடாமல் பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். உங்கள் காருக்குரிய முறை காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஒன்பதாவது, கண்ணாடி மெதுவாக, முனகிக்கொண்டு ஏறினால் அது ஓடும் ரப்பர் வரிப்பள்ளம் காய்ந்து தூசி அடைத்திருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். இதைக் கவனிக்காமல் விட்டால் நல்ல மோட்டாரும் கெடும்.

இதையெல்லாம் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஸ்விட்சை ஒருவர் அழுத்த, கண்ணாடிப் பக்கம் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. காருக்குள் குழந்தைகளைச் சாவியோடு விட்டுவிட்டு வரவும் கூடாது. தவறுதலாகக் காலோ முட்டியோ பட்டால் கண்ணாடி ஏறிவிடாதபடி ஸ்விட்ச் அமைய வேண்டும் என்று அமெரிக்காவில் 2004-இல் விதியே போட்டார்கள். அந்த அளவுக்கு ஆபத்து உள்ள கண்ணாடி இது.

பெரியவர் செய்தது என்ன?

இனி அந்த நாற்பது நிமிடத்துக்கு வருவோம்.

முதலில் என்னிடம் கேள்வி கேட்டார். திடீரென்று நின்றதா, அவ்வப்போது நின்று நின்று வந்ததா? மழையில் மட்டும் நின்றதா? கதவை அடித்துச் சாத்திய பிறகு வேலை செய்ததுண்டா? யோசித்துப் பார்த்தால், இரண்டு மாதமாக எப்போதாவது ஒரு தடவை மக்கர் செய்து, பிறகு தானே சரியாகியிருந்தது. அதை ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்து, பியூஸ் வைத்த இரண்டு ஒயரை எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். கண்ணாடி விர்ரென்று ஏறியது. மோட்டார் போய்விட்டது என்ற 4,800 ரூபாய் தீர்ப்பு இரண்டு நிமிடத்தில் ரத்தானது.

அப்படியானால் மீட்டர் 12 வோல்ட் காட்டியதே? நானும் அதைத்தான் கேட்டேன். அவர் மீட்டரை எடுக்கவில்லை. இரண்டு ஒயர் வைத்த ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 21 வாட் பல்பு. அதை மோட்டாரின் கனெக்டரில் வைத்து ஸ்விட்சை அழுத்தச் சொன்னார். பல்பு மினுக் மினுக் என்று மங்கலாக எரிந்தது.

"வோல்ட் இருக்கு சார், தெம்பு இல்ல" என்றார்.

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம். தெருக்குழாயில் தண்ணீர் வரும் வழி முக்கால்வாசி அடைத்திருக்கிறது என்று வையுங்கள். குழாயை மூடி வைத்திருக்கும்போது உள்ளே அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வரும். மீட்டர் மூடிய குழாயைப் போல. அது மின்சாரத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். பத்து இழையில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் இழுக்கும். மோட்டார் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பலவீனமான ஒயர் அப்போதுதான் தன் குட்டை வெளிப்படுத்தும். நம் துறையிலும் இதே கதை உண்டு. வெறுமனே மீட்டர் வைத்தால் எல்லா வோல்டேஜும் சரியாகக் காட்டும் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் மாட்டியதும் படுத்துவிடும்.

பிறகு அதே பல்பை, ஒயர் கதவுக்குள் நுழைவதற்கு முன்பு, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கனெக்டரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அங்கே நல்லது, இங்கே கெட்டது. அப்படியானால் நடுவில்தான் பழுது. நடுவில் இருப்பது அந்த ரப்பர் குழாய் மட்டும்தான். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அங்கே இருக்கும் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கினால் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளி உறை நன்றாகத்தான் இருக்கும். ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால், ஓரிரு இழைகள் மட்டும் பச்சை பூத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. மழை ஈரம் மிச்சத்தைச் செய்திருந்தது.

ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மற்ற முப்பத்தைந்து நிமிடமும் கண்டுபிடிப்பதற்கு. நான் கூலி பேசியது ஐந்து நிமிடத்துக்கு.

தப்பு யார் மேல்?

அந்த ஒர்க்‌ஷாப் பையனை மோசக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் முதலாளிக்கு மோட்டாரை விற்றால் லாபம். கண்டுபிடிப்பதில் ஒரு மணி நேரம் போனால் பில்லில் எழுத ஒரு வரிகூட இல்லை. எழுதினாலும் என்னைப் போன்ற வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். ஒரு பொருளைக் கையில் காட்டி, "இதை மாத்தினோம்" என்றால் வாயை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கொடுப்பார். இந்த ஏற்பாட்டில் யோசிப்பவனுக்கு நஷ்டம், மாற்றுபவனுக்கு லாபம். ஏற்பாட்டை உருவாக்கியது நாம்தான்.

கம்ப்யூட்டரிலும் இதுதான் நடக்கிறது. "மதர்போர்டு போச்சு", "எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி விண்டோஸ் போடணும்" என்ற இரண்டு வாக்கியங்களை வைத்தே பலர் தொழில் நடத்துகிறார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம் தளர்ந்த ஒரு கேபிளாகவோ, தூசி படிந்த ஒரு ஃபேனாகவோ இருக்கும். வீண் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் அதோடு போகும். மோட்டாராவது பணத்தோடு போயிற்று.

"கூலி உண்டு என்று சொன்னால் வேண்டுமென்றே நேரத்தை இழுப்பார்களே" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். அதற்காகத்தான் தொகையை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கு வேண்டாம். "பழுது எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தத் தொகை, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு உரியது. இப்படிக் கேட்டுப் பழகினால் பாகம் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்காது.

இன்னொரு வாதமும் உண்டு. சில நேரம் செட்டாக மாற்றுவதே சரி. ரெகுலேட்டரின் கயிறு அறுந்துவிட்டது, அதைத் தனியாக விற்பதில்லை என்றால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். மோட்டாரும் தேய்ந்த நிலையில் இருந்தால், கதவை இரண்டு தடவை பிரிக்காமல் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். நான் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகு மாற்றுங்கள் என்கிறேன்.

புதிய கார்களில் இது இன்னும் முக்கியம்

இப்போது வரும் பல கார்களில் ஸ்விட்ச் நேராக மோட்டாரை இயக்குவதில்லை. "கண்ணாடியை ஏற்று" என்று ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. ஒரு கண்ட்ரோல் யூனிட் அதைப் படித்து மோட்டாரை ஓட்டுகிறது. பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்ட கேன் என்ற நெட்வொர்க் முறையும், பின்னர் வந்த லின் என்ற எளிய ஒற்றை ஒயர் முறையும் இதற்குப் பயன்படுகின்றன. லின் முறையின் அதிகபட்ச வேகம் நொடிக்கு 20 கிலோபிட். பழைய டயல்-அப் மோடத்தை விடவும் குறைவு! ஒரு கண்ணாடியை ஏற்ற அது போதும்.

இப்படிப்பட்ட காரில் பழுது வந்தால் ஸ்கேனரை மாட்டுவார்கள். அது ஒரு கோடு எண்ணைக் காட்டும். உடனே "மாட்யூல் போச்சு" என்பார்கள். கவனமாக இருங்கள். இடது முன் கண்ணாடியின் சுற்றில் துண்டிப்பு என்றுதான் கோடு சொல்லும். துண்டிப்பு மோட்டாரிலா, கனெக்டரிலா, ரப்பர் குழாய்க்குள் உள்ள ஒயரிலா என்று சொல்லாது. நீலத்திரையில் வரும் பிழை எண்ணைப் பார்த்ததும் ராமை மாற்றுவது எவ்வளவு சரியோ, இதுவும் அவ்வளவே சரி. கோடு எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும். வீட்டு எண்ணை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வகைக் கார்களில் கதவை நீங்களே பிரிப்பதையோ, மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுப்பதையோ செய்ய வேண்டாம். மோட்டாரோடு சேர்ந்தே எலக்ட்ரானிக் போர்டு இருக்கலாம், அது எரிந்துபோகும். சில கதவுகளில் ஏர்பேக் சென்சாரும் இருக்கும்.

என்ன கேட்க வேண்டும்?

அடுத்த முறை யாராவது "போயிடுச்சு" என்று சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்தப் பாகத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா? மாற்றிய பிறகும் சரியாகாவிட்டால் பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் தருவீர்களா? கோபமாகக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பழுதைப் பற்றி அக்கறையாகக் கேட்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அரிது என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்களும் உங்கள் பங்கைச் செய்யுங்கள். எப்போது நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த ஸ்விட்சில் வேலை செய்கிறது, என்ன சத்தம் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டர் என்றால் திரையில் வந்த செய்தியை அப்படியே எழுதி வையுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொன்னால் அரை மணி நேரம் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும். அந்த அரை மணிக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கப்போகிறீர்கள்.

இரண்டு வாரம் கழித்துப் புதுப்பேட்டைக்கு மறுபடி போனேன். காரில் பழுது எதுவும் இல்லை. பாக்கி இருநூறு ரூபாயைக் கொடுத்தேன். பெரியவருக்கு என்னை ஞாபகம் இல்லை. எதற்கு என்று கேட்டார். "அன்னைக்கு ஒயர் கண்டுபிடிச்சீங்களே, அதுக்குண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். பிறகு, கேட்காமலே வலது கதவின் ரப்பரைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு வருஷத்துல போகும் சார், அடிச்சுச் சாத்தாதீங்க" என்றார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க வருபவர் ஒன்றையும் மாற்றாமல் அதை ஓட வைத்துவிட்டால், அவருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். ஒரு பாகத்தின் விலையை உங்களுக்கு மிச்சப்படுத்தியவர் அவர்தான்.